ரப்பரில் ஒரு சிறு மேடு

ஒரு நீண்ட மேசையில் ஐந்து எம்4 துப்பாக்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் கறுப்பு. ஒரே மாதிரிக் கைப்பிடி, ஒரே மாதிரித் தோள்கட்டை, ஒரே வளைவுள்ள மேகசின். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது. ஐந்தும் போலிகள். ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இவை சுடுவது 6 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளை. ஒன்றைச் செய்தது டோக்கியோ மருய், இன்னொன்றைச் செய்தது சிஸ்டமா. இரண்டும் ஜப்பானிய நிறுவனங்கள். அடுத்த இரண்டும் தைவானின் ஐசிஎஸ், ஜிஎச்கே நிறுவனங்களிலிருந்து வந்தவை. ஐந்தாவதின் வயிற்றுக்குள் அமெரிக்காவின் போலார்ஸ்டார் தயாரித்த பொறி.

திருகாணிகளைக் கழற்றினால் ஆச்சரியம் தொடங்குகிறது. வெளியே ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தவற்றின் உள்ளே ஐந்து வெவ்வேறு எந்திரங்கள். ஆனால் இவற்றில் எது குறி தவறாமல் சுடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த எந்திரங்களில் எதுவுமில்லை. குழலின் பின்முனையில் செருகியிருக்கும், சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஒரு ரப்பர் குழாய்தான் அதைத் தீர்மானிக்கிறது. அதன் உள்சுவரின் மேல்பக்கத்தில் ஒரு சிறு மேடு உண்டு. உருண்டை போகும் வழியில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே எட்டிப் பார்க்கும்.

அந்த மேடு ஏன் தேவைப்பட்டது என்று அறிய, ஜப்பானின் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. துப்பாக்கியின் பொறிநுட்பத்தில் மனம் பறிகொடுத்தவர்களுக்கு மிஞ்சியவை மாதிரிகள்தான். 1960களில் சுடாத உலோக மாதிரிகள் விற்றன. அவை அசலோடு குழம்பும் அளவுக்கு நேர்த்தியாக இருந்ததால் 1971இல் சட்டம் குறுக்கிட்டது. உலோகக் கைத்துப்பாக்கி மாதிரி என்றால் குழலை அடைத்துவிட வேண்டும், வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும் என்றது. தொழில் பிளாஸ்டிக் பக்கம் திரும்பியது. 1980களில் காற்றாலும் வாயுவாலும் உருண்டை எறியும் வகைகள் பெருகின. தொடர்ந்து சுடும் துப்பாக்கி வேண்டுமென்றால் தனியாக ஒரு வாயுக் குப்பியைச் சுமந்து, அதிலிருந்து ஒரு குழாயைத் துப்பாக்கிக்கு இழுத்துவர வேண்டியிருந்தது.

1991இல் டோக்கியோ மருய் அந்தக் குழாய்க்கு வேலையில்லாமல் செய்தது. பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கி உருவத்துக்குள் ஒரு மின்மோட்டாரையும் பேட்டரியையும் அடக்கி, விசையை அழுத்தியதும் தொடர்ந்து சுடும்படி செய்தது. அதற்கு முன் அந்நிறுவனம் ரேடியோவால் இயக்கும் பொம்மைக் கார்களைச் செய்துவந்தது. கையடக்க மோட்டாரும் மறுபடி மறுபடி மின்னேற்றும் பேட்டரியும் அதற்குப் பழகிய சரக்குகள்.

இந்தத் துப்பாக்கிகளுக்கு எவ்வளவு பலம்? 2006இல் ஜப்பான் ஒரு வரம்பு கட்டியது. உருண்டையின் குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூலை எட்டக்கூடாது. பரப்பை வைத்து அளந்தது புத்திசாலித்தனம், ஏனென்றால் ஒரே ஆற்றல் சின்ன இடத்தில் இறங்கினால் அதிகம் துளைக்கும். 6 மி.மீ. உருண்டைக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய 0.98 ஜூல் என்று வரும். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. அசல் எம்4இன் தோட்டா 1,500 ஜூலைத் தாண்டும். பிரிட்டனின் வரம்பு சற்றுத் தாராளம். அங்கே தொடர்ந்து சுடும் வகைக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். எந்த வரம்பானாலும் கண்ணில் பட்டால் பார்வை போய்விடக்கூடும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஆடுகளத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள்.

சட்டம் ஒரு பட்ஜெட் போட்டுவிட்டது. எல்லா நிறுவனங்களுக்கும் அதே தொகை. அதைக் கொண்டு ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவரைத் தொட வேண்டும். இனி நடப்பதெல்லாம் யார் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதுதான்.

செலவு கடினமானது. வழக்கமான உருண்டையின் எடை 0.20 கிராம். 0.98 ஜூலைக் கொடுத்தால் அது நொடிக்கு 99 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 356 கி.மீ. வேகத்தில் கிளம்பும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் காற்று அதை நிலைக்க விடுவதில்லை. எடை குறைந்த, வழவழப்பான உருண்டையின் வேகம் ஏறக்குறைய ஒவ்வொரு 18 மீட்டருக்கும் பாதியாகிவிடும். தோள் உயரத்தில் கிடைமட்டமாகச் சுட்டால், நிலத்தில் விழ அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் அது கடந்திருப்பது சுமார் 30 மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவர் கவலைப்பட வேண்டியதில்லை.

இங்கேதான் ரப்பர் மேடு வருகிறது. பின்னாலிருந்து காற்று தள்ளும்போது உருண்டையின் தலை அந்த மேட்டில் உரசுகிறது. மேல்பக்கம் ஒரு கணம் தடுக்கப்பட, கீழ்ப்பக்கம் முந்துகிறது. குழலைவிட்டு வெளியேறும்போது உருண்டை முன்னே பறந்துகொண்டே பின்னோக்கிச் சுழல்கிறது. இதைப் பின்சுழற்சி என்போம். மேசைப்பந்தில் மட்டையைக் கீழ்நோக்கி வெட்டி அடித்தால் பந்து விழ மறுத்து மிதந்து செல்லுமே, அதே இயற்பியல். சுழலும் உருண்டை தன்னைச் சுற்றிய காற்றையும் இழுத்துச் சுழற்றி, பின்னால் விடும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. எதிர்வினையாகக் காற்று உருண்டையை மேலே தூக்குகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். ஆட்டக்காரர்கள் இந்த அமைப்பை ஹாப்-அப் என்கிறார்கள்.

அளவு கச்சிதமாக அமைந்தால், தூக்கும் விசை புவியீர்ப்புக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும். உருண்டை நூல் பிடித்தாற்போல் நேராகப் பறந்து, வேகம் முழுக்கச் சோர்ந்தபின்தான் விழும். மேடு கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் பாதி வழியில் எம்பி வானம் பார்க்கும். ஒருபக்கம் சாய்ந்து அழுத்தினால் சுழலும் அச்சு சாய்ந்து, உருண்டை வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைந்து போகும். ஆகவே ஒரு சிறு சக்கரத்தைத் திருகி மேட்டை இறக்கவும் ஏற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்தச் சக்கரம் ஒவ்வொரு சொடுக்கிலும் நகர்த்தும் தூரம் கண்ணுக்கே தெரியாது. இறக்கை இல்லாத, எந்திரம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் உருண்டைக்கு ரப்பர் உரசலை வைத்தே இறக்கையின் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீருவதில்லை.

எடையிலும் ஒரு விந்தை இருக்கிறது. அதே 0.98 ஜூலை 0.25 கிராம் உருண்டைக்குக் கொடுத்தால் அது நொடிக்கு 88 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். முதலில் லேசானதுதான் முந்தும். ஆனால் கனமானதன் வேகத்தைக் காற்றால் அவ்வளவு எளிதில் குறைக்க முடியாது. சுமார் 15 மீட்டரில் இரண்டின் வேகமும் சமமாகி, 30 மீட்டரில் கனமான உருண்டை லேசானதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். கனமான உருண்டையைத் தாங்கக் கூடுதல் பின்சுழற்சி வேண்டும். எனவே ரப்பர் இன்னும் உறுதியாகப் பிடிக்க வேண்டும். எல்லாக் கணக்கும் சுற்றிச் சுற்றி அந்த மேட்டிடமே வருகிறது.

இப்போது மேசைக்குத் திரும்புவோம். மருயின் மின் துப்பாக்கிக்குள் ஓர் உலோகப் பெட்டி. அதில் ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், அதன் பின்னால் ஒரு சுருள்வில். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் போலத்தான் வேலை. வித்தியாசம், இங்கே பம்பின் தண்டை நொடிக்குப் பதினைந்து முறை இழுத்துவிடுவது கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டார். மூன்று பல்சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகின்றன. வழக்கமான விகிதத்தில் மோட்டார் 18.7 சுற்று சுற்றினால் ஒரு முறை சுடும். அப்படியானால் தொடர்ந்து சுடும்போது மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 17,000 சுற்று சுற்றுகிறது.

கடைசிப் பல்சக்கரத்தைக் கவனியுங்கள். அதன் சுற்றளவில் ஒரு பகுதிக்குத்தான் பற்கள்; மீதி மொட்டை. பற்கள் இருக்கும்வரை பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கின்றன. மொட்டைப் பகுதி வந்ததும் பிடி விட்டுப்போய், சுருள்வில் பிஸ்டனை முன்னே எறிகிறது. அதே சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு முளை. பிஸ்டன் பின்னே போகும் நேரத்தில் அது காற்றுமூக்கு எனப்படும் குழாயைப் பின்னுக்கு இழுத்து, மேகசினிலிருந்து ஓர் உருண்டை மேலேறி வர வழிவிடுகிறது. பிறகு மூக்கு முன்னே வந்து உருண்டையை ரப்பருக்குள் தள்ளி, காற்றுக் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. ஒற்றைச் சுடலுக்கு வைத்தால், சுடல் முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் நெம்புகோலையும் அதே சக்கரம்தான் தட்டிவிடுகிறது. மூன்று வேலைகளைத் தவறாத வரிசையில் செய்யும் இந்தச் சக்கரத்துக்குள் ஒரு நிரல் எழுதப்பட்டிருப்பதாகவே சொல்லலாம். எழுதியது கணினி மொழியில் அல்ல, உலோகத்தில்.

காற்றின் அளவும் பொருந்த வேண்டும். நீண்ட குழலுள்ள எம்16க்கு முழு சிலிண்டர் தேவை. அதன் உள்குழல், அதாவது உருண்டை பாயும் குழல், 509 மி.மீ. குட்டையான எம்பி5 துப்பாக்கியின் உள்குழல் 229 மி.மீ.தான், அங்கே முழு சிலிண்டரின் காற்று மிகை. ஆகவே சிலிண்டரின் சுவரில் ஓர் ஓட்டை போடுகிறார்கள். பிஸ்டன் அந்த ஓட்டையைக் கடக்கும்வரை காற்று வெளியே போய்விடும். தடையில்லாமல் வேகமெடுத்த பிஸ்டன் மீதிக் காற்றைப் பளிச்சென்று அழுத்தும்.

மருயின் இந்தப் பெட்டி அமைப்பு உலகத் தரமாகிவிட்டது. எந்தத் தர நிர்ணய அமைப்பும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. தைவானும் ஹாங்காங்கும் சீனாவும் அதையே பின்பற்றிச் செய்தன. உதிரிபாகக் கடைகள் அதற்கேற்பப் பாகம் செய்தன. எம்4 வகைக்கு இரண்டாம் பதிப்புப் பெட்டி, ஏகே வகைக்கு மூன்றாம் பதிப்புப் பெட்டி என்று எல்லா நாட்டு ஆட்டக்காரர்களும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். சீனாவின் சைமா துப்பாக்கிக்குள் ஜப்பானியப் பிஸ்டனும் தைவான் பல்சக்கரமும் எளிதாகக் குடிபுகும்.

அப்படியானால் நிறுவனங்களுக்கிடையே வேறுபாடு எங்கே? பலரும் முதலில் பார்ப்பது உடலை. மருயின் பழைய மாதிரிகள் பிளாஸ்டிக் உடல் கொண்டவை; கையில் எடுத்தால் லேசாக நெளியும். தைவானின் எல்சிடி ஏகே துப்பாக்கிகளை எஃகுத் தகட்டிலும் மரத்திலும் செய்கிறது. ராணுவக் கிடங்கிலிருந்து வந்தது போன்ற கனம். விஎஃப்சி நிறுவனம் செய்து உமாரெக்ஸ் நிறுவனம் விற்கும் ஹெக்லர் அண்ட் கோக் துப்பாக்கி வகைகளில் அசல் நிறுவனத்தின் முத்திரையே உரிமம் பெற்றுப் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த அழகெல்லாம் உண்மை. ஆனால் முப்பது மீட்டரில் ஒரு தாளை மாட்டிச் சுட்டால், விலை கூடிய எஃகு உடல்களை, கடை அட்டைப்பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த பிளாஸ்டிக் மருய் முந்துவது புதிதல்ல. அதன் உள்குழல்கூட இறுக்கமானதில்லை. பெயருக்கு 6 மி.மீ. என்றாலும் உண்மையில் 5.95 மி.மீ. உள்ள உருண்டை 6.08 மி.மீ. குழலில் போகிறது, சுற்றிலும் ஒரு தலைமுடி நுழையுமளவு இடைவெளி. பலர் 6.03, 6.01 மி.மீ. குழல்களை வாங்கி மாட்டுகிறார்கள். இறுக்கமான குழலில் காற்று வீணாகாது, வேகம் கூடும். குறி தானாகக் கூடிவிடாது. குழல் முழுக்க ஒரே சீராக வழவழப்பாக இருப்பதும், மென்மையான ரப்பர் ஒவ்வொரு உருண்டையையும் ஒரே மாதிரிப் பிடிப்பதும்தான் குறியைக் கொடுக்கின்றன. மருய் பணத்தைச் செலவழித்தது அங்கே. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிக நுண்ணிய பொறியியல் அதுதான். கடையில் தட்டிப் பார்த்தால் தெரியாது.

ஐசிஎஸ் இன்னொரு கேள்வியைக் கேட்டது. பழுதுபார்ப்பது ஏன் இவ்வளவு தொல்லையாக இருக்க வேண்டும்? மருய் பெட்டியைத் திறந்தால் சுருள்வில் தெறித்துப் பறக்கும், பல்சக்கரங்கள் சிதறும். ஐசிஎஸ் தன் எம்4இன் பெட்டியை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது. மேல்பாதியில் சிலிண்டரும் சுருள்வில்லும், கீழ்ப்பாதியில் மோட்டாரும் சக்கரங்களும். ஓர் ஊசியைக் கழற்றினால் மேல்பாதி தனியே வந்துவிடும். வேறு வலுவுள்ள சுருள்வில் கொண்ட மேல்பாதியை மாட்டி ஆட்டத்தைத் தொடரலாம்.

சிஸ்டமா தரமாகிப்போன பெட்டியையே தூக்கியெறிந்தது. காவல்துறை, ராணுவப் பயிற்சியை மனத்தில் வைத்து உருவான அதன் துப்பாக்கியில் கோள்சக்கர அமைப்பு இருக்கிறது. நடுவில் ஒரு சக்கரம் சுழல, அதைச் சிறு சக்கரங்கள் சுற்றிவரும். குறைந்த இடத்தில் அதிக வலு கிடைக்கும். சக்கரம் எங்கே நிற்கிறது என்பதை ஒளி உணரி பார்த்துச் சொல்ல, மின்னணுச் சுற்று மோட்டாரை நிறுத்துகிறது. அசல் எம்4ஐப் பிரிப்பது போலவே பின்ஊசியை இழுத்துத் திறந்தால் சிலிண்டர் முழுதாகக் கையில் வரும், வேறொன்றைச் செருகலாம். உணரி கொண்டு சக்கரத்தைக் கண்காணிக்கும் யோசனை இன்று சாதாரணத் துப்பாக்கிகளுக்கும் பரவிவிட்டது.

சுடும்போது தோளில் உதை வேண்டும் என்ற ஆசைக்கு மருய் சொன்ன விடை எனக்குப் பிடித்தமானது. புதிய தலைமுறை எம்4இல் பிஸ்டனோடு சேர்ந்து நகரும் ஒரு கனத்த உலோகக் கட்டை தோள்கட்டைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த அடிதான் தோளில் உணர்வது. மேகசின் காலியானதும் சுடுவது நின்றுவிடும். அதற்காகவே மேகசினை மாற்றி அமைத்ததால், பழைய எம்4 மேகசின்கள் இதில் சேராது.

ஜிஎச்கே போன்ற தைவான் நிறுவனங்கள் உதையைப் போலி செய்யவில்லை. அவற்றின் துப்பாக்கியில் மோட்டார் இல்லை. மேகசினுக்குள் திரவமாக அடைத்த வாயு ஆவியாகி, ஒரு பகுதி உருண்டையைத் தள்ள, மறு பகுதி உலோகப் போல்ட்டைப் பின்னுக்கு அறைகிறது. எந்த வாயு என்பதைச் சட்டமும் தட்பவெப்பமும் தீர்மானிக்கின்றன. ஜப்பானில் பெரும்பாலும் ஹெச்எஃப்சி-134ஏ; 20 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 5.7 பார். மற்ற நாடுகளில் பச்சை வாயு என்று விற்பது சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரொப்பேன்தான். அதே வெப்பநிலையில் சுமார் 8.4 பார். வலு குறைந்த வாயுவுக்காக வடிவமைத்த ஜப்பானியத் துப்பாக்கியில் வலிய வாயுவை அடைத்தால் பாகங்கள் உடையும். இன்னொரு சிக்கல், திரவம் ஆவியாகும்போது மேகசின் குளிர்ந்து அழுத்தம் சரிகிறது. வேகமாகச் சுடச்சுடத் துப்பாக்கி தளர்ந்துபோகும். குளிர்காலத்தில் சொல்லவே வேண்டாம். வாயுவோடு வரும் எண்ணெய் ரப்பர் மேட்டில் படிந்தால் பிடிப்புப் போய், முதல் சில உருண்டைகள் எங்கோ செல்லும்.

ஐந்தாவது துப்பாக்கியில் பல்சக்கரமும் இல்லை, சுருள்வில்லும் பிஸ்டனும் இல்லை. போலார்ஸ்டாரின் பொறி பழைய பெட்டி இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். ஆட்டக்காரரின் முதுகில் உயரழுத்தக் காற்றுக் கலன். ஓர் அழுத்தக் கட்டுப்படுத்தி காற்றைத் தணித்து மெல்லிய குழாய் வழியே அனுப்புகிறது. 1991இல் மருய் ஒழித்த குழாய் இப்போது மீண்டும் வந்திருக்கிறது, இந்த முறை மின்னணு மூளையோடு. மின்காந்த வால்வுகள் காற்றுமூக்கை நகர்த்தி, உருண்டையைத் தள்ளும் காற்றைத் திறந்து மூடுகின்றன. எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்பதை ஆட்டக்காரரே அமைத்துக்கொள்ளலாம். பிஸ்டன் அடிக்கும் அதிர்வு இல்லாததால் ஒவ்வொரு சுடலின் வேகமும் வியக்கும்படி ஒன்றாக இருக்கும்.

காற்றின் வலுவை இப்படி விருப்பப்படி மாற்ற முடிவது ஆடுகளத்தார்க்குப் புதிய வேலையைக் கொடுத்தது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகமானியின் முன் சுட்டுச் சோதிப்பார்கள். ஒளிக்கதிர்கள் பாயும் இரண்டு வாயில்களை உருண்டை கடக்கும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணிக்கும் கருவி அது. கட்டுப்படுத்தியின் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் பலம் ஏறிவிடும் என்பதால், சோதனை முடிந்ததும் அந்தத் திருகுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சுருள்வில் துப்பாக்கியில் காற்றின் அளவு ஒன்றுதான். உருண்டையின் எடையை மாற்றினாலும் ஆற்றல் ஏறக்குறைய மாறாது. வாயுவிலும் கலன் காற்றிலும் கனமான உருண்டை குழலுக்குள் கூடுதல் நேரம் தங்குகிறது, பின்னாலிருக்கும் காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 0.20 கிராமில் சட்டத்துக்கு உட்பட்ட துப்பாக்கி, உருண்டையை மட்டும் மாற்றினால் வரம்பைத் தாண்டிவிடும். இதை ஜூல் ஏற்றம் எனலாம். ஆகவே கவனமான ஆடுகளங்கள் இப்போது தாங்கள் வைத்திருக்கும் உருண்டையைக் கொடுத்துச் சோதிப்பதில்லை. ஆட்டக்காரரின் மேகசினில் அன்று இருக்கும் உருண்டையையே சுடச் சொல்லி, வேகத்தோடு அதன் எடையையும் சேர்த்து ஜூலில் கணக்கெடுக்கிறார்கள்.